இறகு மெத்தையும் இருபது டுக்காட்டும்

பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரின் புனித மார்க் தேவாலயத்துக்கு அருகே மெத்தை விற்கும் கடை ஒன்று இருந்தது. எருசலேமுக்குக் கப்பலேறும் யாத்திரிகர் அங்கே மூன்று டுக்காட் பொற்காசு கொடுத்தால் இறகு மெத்தை, தலையணை, விரிப்பு, போர்வை எல்லாம் கிடைக்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்து திரும்பிய பின், மெத்தை கிழிந்து நைந்திருந்தாலும், அதே கடைக்காரரிடம் கொடுத்து ஒன்றரை டுக்காட் திரும்பப் பெறலாம். இந்தத் தகவலை எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் வே. 1458இலும் 1462இலும் இருமுறை புனித பூமிக்குப் போய் வந்தவர். போய் வந்தவன் போகப் போகிறவனுக்கு வழி சொல்லும் மரபை ஆற்றுப்படைகளில் பழகிய நமக்கு வேயின் குறிப்புகள் அந்நியமாகத் தோன்றா. பாணனைப் போல் அவர் பரிசிலை நோக்கி ஆற்றுப்படுத்தவில்லை. படுக்கையை நோக்கி ஆற்றுப்படுத்தினார்.

அவர் சொல்லும் யோசனைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கப்பலில் உனக்குரிய இடத்தை வெனிஸிலேயே பேசி முடித்துவிடு, அதுவும் மேல் தளத்தில். கீழ்த் தளம் புழுங்கி நாறும் என்பது ஒன்று. வழியில் துறைமுகங்களில் கப்பல் சில நாட்கள் நிற்குமானால் முதல் ஆளாகக் கரையிறங்கு. தாமதித்தால் தங்குமிடங்கள் எல்லாம் பிறர் கைக்குப் போய்விடும் என்பது மற்றொன்று. யாஃபாவில் கழுதை பிடிப்பதற்கும் அதே விதிதான். முந்திப் போகிறவனுக்கு நல்ல கழுதை. பிந்தியவனுக்கும் வாடகை அதே.

வெளிநாடு செல்லும்போது ஒவ்வோர் இரவுக்கும் முன்கூட்டியே அறை அமர்த்திவிடுவதா, போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதா என்ற கேள்வி இன்று பெரும்பாலும் சுபாவம் சார்ந்த ஒன்றாகப் பேசப்படுகிறது. எச்சரிக்கையானவர் ஒரு பக்கம், சுதந்திர விரும்பி மறு பக்கம். பழைய காலத்தவர் எல்லோரும் கால்போன போக்கில் திரிந்தார்கள், முன்பதிவு என்பது நவீன வணிகம் கொண்டுவந்த தளை என்றொரு மயக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. வரலாற்றைச் சற்றே புரட்டினால் நிலைமை வேறாக இருக்கிறது. இதற்கு மிகச் சிறந்த சாட்சி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. ஜெர்மனியின் உல்ம் நகரில் வாழ்ந்த தொமினிக்கன் துறவி. அவரும் இருமுறை போனவர். ஆனால் இரண்டு விதமாகப் போனவர்.

வெனிஸ் அப்போது யாத்திரையை ஓர் அரசுத் தொழிலாகவே நடத்திவந்தது. நகருக்கு வரும் யாத்திரிகருக்கு வழிகாட்டவும், மொழிபெயர்க்கவும், தங்கும் இடத்தையும் கப்பலையும் பேசி முடித்துத் தரவும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருந்தனர். அவர்களையும் கப்பல் தலைவர்களையும் கண்காணிக்க அதிகாரிகள் இருந்தனர். கப்பலேறும் காலத்தில் மார்க் சதுக்கத்தில் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை தீட்டிய கொடிகள் நாட்டப்படும். கொடியருகே கப்பல் தலைவர்களின் ஆட்கள் நின்றுகொண்டு யாத்திரிகரைத் தத்தம் பக்கம் இழுப்பார்கள். போட்டியாளரைப் பற்றி அவதூறு சொல்வார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஆம்னி பேருந்துக்கு ஆள் பிடிப்பவர்களைப் பார்த்தவர்கள் இதைக் கற்பனை செய்துகொள்ள அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

1483இல் ஃபாப்ரியும் அவருடன் வந்த பிரபுக்களும் பியெத்ரோ லாந்தோ என்ற கப்பல் தலைவருடன் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் விதிகளை ஃபாப்ரி தம் நூலில் வரிசையாகத் தருகிறார். தலைக்கு 40 டுக்காட். பாதியை வெனிஸிலும் மீதியை யாஃபாவிலும் கொடுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை உணவு தலைவரின் பொறுப்பு. யாத்திரிகர் தம் கோழிகளை வைத்துக்கொள்ளக் கப்பலில் இடம் தர வேண்டும். புனித பூமியில் உரிய காலம் தங்கவிட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. வழியில் ஒருவர் இறந்துபோனால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை அவருடைய உரிமையாளர்களிடம் திருப்பித் தர வேண்டும். எருசலேமிலிருந்து கப்பலுக்குத் திரும்பாமல் சீனாய் மலைக்குப் போக விரும்புகிறவர்களுக்குப் பத்து டுக்காட் திரும்ப வேண்டும். ஐந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் கடைசி விதியைப் படிக்கையில் எனக்கு வியப்புத் தாங்கவில்லை. அச்சாரம் கொடுத்தவன் மனம் மாறக்கூடும் என்பதை ஏற்று, அந்த மனமாற்றத்துக்கு ஒரு விலையையும் குறித்திருக்கிறார்கள்.

இத்தனையும் எழுதி வாங்கிய பிறகு கிடைத்த படுக்கை எது? கப்பலின் உட்தளத்தில் பலகைமேல் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் குறித்த ஒரு நீளச் சதுரம். கால்களை நடுவழிப் பக்கம் நீட்டி, ஒருவரையொருவர் ஒட்டிப் படுக்க வேண்டும். வேயின் இறகு மெத்தை விரிக்கப்பட்டது இந்தக் கோட்டுக்குள்தான். வெனிஸ் விடுதியில் இருந்த நாட்கள் இதைவிடப் பன்மடங்கு சுகமானவை. அவர்கள் தங்கியது ஜெர்மானியருக்கான விடுதி. அங்கே ஒரு பெரிய கறுப்பு நாய் இருந்தது. ஜெர்மானியர் வந்தால் வாலை ஆட்டி வரவேற்கும். இத்தாலியரோ பிரெஞ்சுக்காரரோ வந்தால் பாயும். மொழி அடிப்படையில் விருந்தினரைப் பிரித்தறிந்த அந்த நாயைப் பற்றி ஃபாப்ரி மிகுந்த வாஞ்சையோடு எழுதியிருக்கிறார்.

யாத்திரிகர் ஏன் இப்படி ஒப்பந்தத்துக்குள் தம்மை ஒப்புக்கொடுத்தார்கள்? சௌகரியம் ஒரு காரணம். ஆனால் முதன்மைக் காரணம் அன்று. அப்போது எருசலேம் எகிப்தின் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. பாதுகாப்பு அனுமதி இல்லாமல் ஒரு மேலைநாட்டுக் கிறித்தவர் அந்தக் கரையில் கால்வைக்க முடியாது. அனுமதியைப் பெறுவதும், சுங்கமும் காணிக்கையும் கட்டுவதும், கழுதைக்காரருக்குக் கூலி கொடுப்பதும் கப்பல் தலைவரின் வேலை. 40 டுக்காட்டில் கணிசமான பங்கு இதற்கே போனது. யாஃபாவில் இறங்கியதும் ஒவ்வொருவராக எண்ணப்பட்டார்கள். பெயரும் தந்தை பெயரும் எழுதப்பட்டன. பிறகு கடற்கரையோரமிருந்த பாழடைந்த நிலவறைகளுக்குள் அனுப்பப்பட்டார்கள். அசுத்தம் நிறைந்த தரையை அவர்களே ஒதுக்கிச் சுத்தம் செய்தார்கள். சற்று நேரத்தில் உள்ளூர் வியாபாரிகள் கோரைப்புல்லும் நறுமணப் பொருள்களும் கொண்டுவந்து விற்றார்கள். அதைப் பரப்பிப் படுத்தார்கள். எருசலேமிலும் தங்குமிடம், போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் பிரான்சிஸ்கன் துறவியராலும் சுல்தானின் அலுவலர்களாலும் தீர்மானிக்கப்பட்டன. திருக்கல்லறைத் தேவாலயத்துக்குள் இரவில் உள்ளே விட்டுப் பூட்டி, காலையில் திறந்தார்கள்.

ஆக, திட்டமிட்ட யாத்திரை பாதுகாப்பானது. ஏழைத் துறவிக்கும் எட்டக்கூடியது. ஆனால் அது எதை எடுத்துக்கொண்டது என்பதை 1480ஆம் ஆண்டின் முதல் பயணம் காட்டுகிறது. ரோட்ஸ் தீவைத் துருக்கியர் முற்றுகையிட்டிருந்த ஆண்டு அது. அச்சத்தால் யாத்திரிகரில் ஒரு பகுதியினர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டனர். துணிந்து போனவர்களுக்குப் புனித பூமியில் கிடைத்தவை ஒன்பது நாட்கள்தாம். இரவென்றும் பகலென்றும் பாராமல் இடத்திலிருந்து இடத்துக்கு ஓட்டப்பட்டதையும், ஓய்வே கிடைக்காததையும், ஊர் திரும்பியதும் கண்டதெல்லாம் மூட்டத்துக்குள் தெரிவது போல் மங்கிப்போனதையும் ஃபாப்ரி மனம் கசந்து எழுதுகிறார். பார்த்தோம், ஆனால் பார்க்கவில்லை என்ற ஆற்றாமை. எட்டு நாளில் ஏழு நாடு என்று போய் வந்த உறவினரிடம் புகைப்படத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டே ‘இது எந்த ஊர்’ என்று கேட்டவர்கள் இந்த ஆற்றாமையை அறிவார்கள்.

அந்தக் கசப்புதான் அவரை 1483இல் மீண்டும் கப்பலேற்றியது. இம்முறை எருசலேமில் பெரும்பாலோர் யாஃபாவுக்குத் திரும்ப, பதினெட்டுப் பேர் பின்தங்கினார்கள். மைன்ஸ் நகரத்துப் பெர்ன்ஹார்ட் ஃபான் பிரைடன்பாகும், அவர் உடன் அழைத்துவந்த ஓவியர் எர்ஹார்ட் ராய்விக்கும் அவர்களில் இருந்தனர். ராய்விக்கின் படங்களோடு 1486இல் மைன்ஸில் அச்சான பிரைடன்பாகின் நூல்தான் அச்சில் வந்த முதல் படவிளக்கப் பயணநூல் என்று சொல்லப்படுகிறது. கப்பல் ஒப்பந்தத்திலிருந்து விலகியவர்களாலேயே அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாதி எழுதப்பட முடிந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

விலகியதால் அவர்கள் சுதந்திரர் ஆகிவிட்டார்களா? ஒரு ஒப்பந்தத்திலிருந்து நீங்கியவர்கள் உடனே இன்னொன்றை எழுத வேண்டியிருந்தது. இம்முறை எருசலேமில், சுல்தானின் மொழிபெயர்ப்பாளரோடு. ஒட்டகங்கள், கழுதைகள், தண்ணீர்த் தோல்பைகள், கூடாரங்கள், பாலைவனத்து அரபு வழித்துணைவர் எல்லாவற்றுக்கும் விலை பேசினார்கள். பாலையைக் கடந்து புனித கத்தரீனாள் மடத்தை அடைந்து, கெய்ரோ போய், நைல் வழியாக அலெக்சாந்திரியா வந்தபோது வெனிஸுக்குப் போகும் கப்பல்களில் இடம் பேசி வைத்தவர் யாரும் இல்லை. கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஃபாப்ரி உல்ம் திரும்பியபோது 1484 சனவரி முடிந்துகொண்டிருந்தது. செலவு அதிகம், நோவு அதிகம். ஆனால் இம்முறை மூட்டம் இல்லை. இரு பயணங்களையும் சேர்த்து இலத்தீனில் அவர் எழுதிய மாபெரும் நூலுக்கு ‘அலைதல்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்.

அலெக்சாந்திரியாவில் ஐரோப்பியர் தங்கிய இடத்துக்கு ஃபுந்துக் என்று பெயர். ஒவ்வொரு தேசத்து வணிகருக்கும் தனித்தனி ஃபுந்துக். கீழே சரக்கறை, மேலே படுக்கை. இரவில் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். இந்தச் சொல் ‘எல்லோரையும் ஏற்கும் இடம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அரபிக்கு வந்தது. இன்றைய அரபியிலும் ஹோட்டலுக்கு அதுவே பெயர். வெனிஸ்காரர்கள் அதை ‘ஃபோந்தகோ’ ஆக்கித் தம் நகரில் ஜெர்மானிய வணிகருக்கென ஒன்றைக் கட்டினார்கள். அங்கே தங்குவது ஜெர்மானிய வணிகரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை, கட்டாயம். வேறெங்கும் தங்கினால் வரி ஏய்க்கக்கூடும் என்ற சந்தேகம். எல்லோரையும் ஏற்கும் இடம், ஒரு சாராரை அடைத்துவைக்கும் இடமாக மாறிய கதை சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சுவையானது. இங்கே நகரத்தாரின் கிட்டங்கிகள் நினைவுக்கு வருகின்றன. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் வரிசையாகப் பெட்டகங்களை வைத்துப் பகலில் கடை நடத்தி, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அங்கே பூட்டியவர் யாருமில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கும் செட்டிநாட்டு இளைஞனுக்கு இன்றிரவு எங்கே என்ற கேள்வி எழாதபடி சமூகம் முன்கூட்டியே பதில் வைத்திருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சுற்றிய ஆங்கிலச் சீமான் வீட்டுப் பிள்ளைகளே முன்பதிவற்ற பயணத்தின் இலட்சிய உருவாக இன்றும் காட்டப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் பெட்டியில் அறிமுகக் கடிதங்கள் இருந்தன. வங்கியாளர் பெயருக்கு எழுதிய உண்டியல்கள் இருந்தன. முன்னால் குதிரையில் போய் அறையும் குதிரையும் ஏற்பாடு செய்யும் பணியாளன் இருந்தான். எங்கும் பதிவு செய்யாமல் போக முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய பிறப்பே ஒரு பதிவு என்பதுதான். நம்மவர் ஒருவரின் அனுபவத்தையும் பாருங்கள். 1888இல் லண்டன் சென்ற காந்தியிடம் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. ஆனால் இறங்கிய முதல் இரவுகளுக்கு உடன் பயணித்தவர்களின் யோசனைப்படி விக்டோரியா ஹோட்டலுக்குப் போனார். வந்த கட்டணச் சீட்டு மூன்று பவுன். அதிர்ந்துபோனதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். பின்னர் அவரை நண்பர் ஒருவரின் இடத்தில் சேர்த்தது அந்தக் கடிதங்களில் ஒன்றுக்கு உரியவரான பிராண்ஜீவன் மேத்தாதான்.

அறிமுகக் கடிதம் இல்லாதவருக்கு அதற்கு ஈடான ஒன்றை விலைக்குக் கொடுத்தவர் தாமஸ் குக். 1841 சூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்கு இயக்கத்தாரை ரயிலில் அழைத்துச் சென்றது அவருடைய தொடக்கம் என்பது பலரும் அறிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1868இல் அவர் கொண்டுவந்த ஹோட்டல் சீட்டு. படுக்கைக்கும் உணவுக்கும் நிர்ணயித்த தொகையை லண்டனிலேயே கட்டிச் சீட்டுகளை வாங்கிக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள எந்த ஊர் ஹோட்டலிலும், விரும்பிய நாளில் நீட்டலாம். பயன்படாத சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவும் வழியிருந்தது. இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே முன்கூட்டி முடிவாவது விலை மட்டும். நாள் அன்று, ஊரும் அன்று. மொழி தெரியாத ஊரில் தம்மை ஏமாற்றிவிடுவார்களோ என்று அஞ்சிய பள்ளி ஆசிரியைக்கும் எழுத்தருக்கும், அதுவரை பிரபுவுக்கு மட்டும் வாய்த்திருந்த நெகிழ்ச்சியின் ஒரு பகுதி கிடைத்தது. குக்கின் கூட்டத்தாரை மந்தைகள் என்று எள்ளிய மேட்டுக்குடி எழுத்தாளர்கள் இதைக் காண மறுத்தார்கள். 1869இல் குக் தம் முதல் குழுவை எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் அழைத்துச் சென்றார். ஃபாப்ரி நிலவறையில் புல் பரப்பிப் படுத்த நிலத்தில் அவர்களுக்குக் கூடாரங்களும் சமையற்காரரும் இருந்தார்கள். 1880களின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பயணிகளின் போக்குவரத்தையும் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த நிறுவனத்திடமே ஒப்படைத்தது.

குறிப்பிட்ட நாளுக்குக் குறிப்பிட்ட அறை என்பது தந்தி வந்தபின் எளிதாயிற்று. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே ஹோட்டல்காரர்கள் ஒரு சங்கேத மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து பெடெக்கர் கையேடுகளில் அது அச்சாகியிருக்கிறது. ‘ஆல்பா’ என்றால் ஒரு படுக்கையுள்ள ஓர் அறை. ‘ஆல்துவா’ என்றால் இருவர் படுக்கும் கட்டில் போட்ட அறை. ‘அராப்’ என்றால் இரு படுக்கைகள் உள்ள அறை. வந்து சேரும் பொழுதுக்கும் தனிச் சொற்கள் உண்டு. காதலரோ கணவன் மனைவியோ இரண்டு சொற்களில் தம் இரவைக் குறித்துக்கொண்ட அந்தச் சிக்கனத்தில் ஒரு கவித்துவம் இருக்கிறது என்று எனக்குப் படுவதுண்டு. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

பின்னர் நடந்தவை வாசகர்கள் அறிந்தவை. 1965இல் ஹாலிடே இன் நிறுவனம் கணினிவழிப் பதிவைக் கொண்டுவந்தது. 1996இல் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் புக்கிங் தளம் பிறந்தது. 2007இல் சான்பிரான்சிஸ்கோவில் மாநாடு ஒன்றால் ஹோட்டல்கள் நிரம்பியபோது இரு இளைஞர்கள் தம் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளை வாடகைக்கு விட்டதிலிருந்து ஏர்பிஎன்பி உருவாயிற்று. இவற்றில் என் கவனத்தை ஈர்ப்பது வேகம் அன்று. ‘கட்டணமின்றி ரத்து செய்யலாம்’ என்ற வாசகம். காலியாகக் கிடக்கும் படுக்கையின் நட்டம் யாருடையது என்பதே எல்லாக் காலத்திலும் இந்த விவகாரத்தின் மையம். முன்பணம் கட்டியவன் வராவிட்டால் நட்டம் அவனுடையது. இலவசமாக ரத்து செய்ய விட்டால் விடுதிக்காரருடையது. அவர் அதைத் தாங்கிக்கொள்வதில்லை; இருக்கும் அறைகளைவிட அதிகமாகப் பதிவு செய்கிறார், அல்லது ரத்து செய்ய முடியாத அறையை மலிவாகத் தருகிறார். லாந்தோவின் பத்து டுக்காட் இந்தக் கணக்கைத்தான் போட்டது.

முன்பணத்தின் மறுபக்கம் 2019 செப்டம்பர் 23 அன்று தெரிந்தது. அன்று தாமஸ் குக் நிறுவனம் லண்டனில் திவாலானது. (நம் நாட்டில் அதே பெயரில் இயங்குவது 2012 முதல் வேறு உரிமையாளரிடம் உள்ள தனி நிறுவனம்.) சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன்வாசிகள் வெளிநாடுகளில் சிக்கிக்கொண்டார்கள்; அரசு விமானங்களை அமர்த்தி அழைத்துவந்தது. திவாலாவதற்கு ஓரிரு நாள் முன்பே துனீசியாவில் ஒரு ஹோட்டல், நிறுவனம் தரவேண்டிய பாக்கிக்காக விருந்தினரை வெளியே விடாமல் வாயிலை அடைத்தது. எல்லாவற்றுக்கும் ஊரிலேயே பணம் கட்டி முடித்தவர்கள், வேறொருவரின் கடனுக்குப் பிணையாக நின்றார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவுரை கூறும் பயண நூல்களில் பெரும்பாலானவை விசா தேவைப்படாத கடவுச்சீட்டு வைத்திருப்போரால் எழுதப்பட்டவை. இந்தியக் கடவுச்சீட்டோடு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர், தங்கப்போகும் இடத்துக்குச் சான்று காட்ட வேண்டும். கருத்தரங்கு ஒன்றுக்காக நான் விண்ணப்பித்தபோது ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தாள் இணைத்தேன். என்னைப் போல் விண்ணப்பித்த பலரும், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்து, விசா கையில் வந்தபின் பாதியை நீக்கிவிட்டு வேறு திட்டம் போடுகிறார்கள். அலைய விரும்புகிறவர்கள், அலையப் போவதில்லை என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

யாஃபாவின் நிலவறை வாயிலில் அமர்ந்திருந்த எழுத்தர்களுக்கு ஃபெலிக்ஸ் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. இரு பயணங்களிலும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததாக அவர் எழுதுகிறார். ஒருவழியாக எழுதி முடித்த பிறகுதான் உள்ளே போய்ப் புல்லைப் பரப்பிப் படுக்க விட்டார்கள்.